விருந்தாளிக்குக் களி போடலாமா? தருமபுரி ராகி மாவு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பழைய பொட்டலத்திலிருந்து தொடங்குவோம். 1 கிலோ, பளபளப்பான வெள்ளை பிளாஸ்டிக் கவர். பச்சைப் பின்னணியில் ஒரு மரக் கிண்ணம், அதில் வெளிறிய மாவு, பக்கத்தில் ஒரு கதிர். பெயர் ஆங்கிலத்தில், அதன் கீழே ‘சூப்பர் ஃபுட்’ என்று தங்க நிறத்தில். பின்பக்கம் சர்க்கரை நோய் போகும், மூட்டுவலி தீரும் என்று ஆறேழு வரி. பென்னாகரம் பக்கம் காடு கழனி வைத்திருப்பவர் எவர் கையில் இதைக் கொடுத்தாலும் கண் முதலில் கதிருக்குத்தான் போகும். அது ராகிக் கதிர் இல்லை, கம்பு. ராகிக் கதிர் பாதி மடக்கிய விரல்கள் போல உள்ளே சுருண்டிருக்கும்; கம்பங்கதிர் உருளையாக நீண்டு நிற்கும். இணையத்திலிருந்து படத்தை எடுத்துப் போட்டவருக்கு இரண்டும் ‘மில்லட்’. வாங்க வந்தவருக்கோ, கதிரையே தெரியாதவன் மாவை எங்கே சுத்தமாக அரைத்திருக்கப் போகிறான் என்ற எண்ணம். பொட்டலம் திரும்ப அலமாரிக்குப் போகிறது.

இந்தப் பொட்டலத்துக்குச் சொந்தமான நிறுவனம் ஒன்றல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் சிறுதானிய மாவு விற்க இறங்கும்போது திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே நிறுவனத்தின் மேல் ஏற்றிக் கட்டிய மாதிரி இது. அதனால் பெயரும் இல்லை, விற்பனைத் தொகையும் இல்லை. ஊர், உணவு, சட்டம், அச்சு பற்றியவை உள்ளது உள்ளபடி.

இங்கே ராகி பெரும்பாலும் மானாவாரி. ஆடிப் பட்டத்தில் விதைத்தால் கார்த்திகை, மார்கழியில் அறுப்பு. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, சாப்பாடு பிரியவில்லை. தேன்கனிக்கோட்டையிலிருந்து அரூர் வரை பல வீடுகளில் ராத்திரிக்கு இன்னும் களிதான். 2023-இல் ரேஷன் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் முதலில் வந்ததும் நீலகிரிக்கும் தருமபுரிக்கும்தான். ஆக, ரேஷனில் காசில்லாமல் கிடைக்கும் ஒன்றை, தானியமாக வாங்கி மில்லில் தானே அரைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவரிடம், கவரில் போட்டு விலை வைத்து விற்க வேண்டும். ‘சூப்பர் ஃபுட்’ என்ற சொல் இந்த இடத்தில் எதற்கும் உதவாது.

கேட்ட கேள்வி, கேட்காத கேள்வி

‘ராகி பிடிக்குமா?’ என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேர் உடம்புக்கு நல்லது என்பார்கள். அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. பயன்பட்டவை வேறு கேள்விகள். நேற்று ராத்திரி என்ன சமைத்தீர்கள்? அந்த மாவு எங்கே வாங்கியது, யார் அரைத்தது? பிள்ளைகள் சாப்பிட்டார்களா, அவர்களுக்குத் தனியாகச் சோறு வடித்தீர்களா? கடைசியாக, விருந்தாளி வந்தால் களி போடுவீர்களா?

ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம். முடிந்தால் அடுப்படியில் நின்று கேட்பது, கூடத்தில் உட்காரவைத்தால் பேச்சு மரியாதைப் பேச்சாகிவிடும். 12 முதல் 15 வீடு போதும். அதோடு காரிமங்கலம் சந்தை, ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தை, ஓசூரில் தொழிற்சாலை ஷிஃப்ட் முடிகிற நேரத்து மளிகைக் கடை என்று மூன்று இடங்களில், வாங்குபவர் கை எதை முதலில் தொடுகிறது என்று சும்மா நின்று பார்ப்பது. சந்தையில் ராகி வாங்குகிறவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி ஊதுவார். கல்லும் தூசியும் எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும். மூடிய கவரில் அதைச் செய்ய முடியாது. கவர் மாவின் மேல் உள்ள சந்தேகத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

விருந்தாளிக் கேள்விதான் கதவைத் திறந்தது. வெறும் களியும் கீரைக் கடைசலும் விருந்தாளிக்குப் போடுவது பல வீடுகளில் கூச்சமான காரியம். அரிசிச் சோறு வடிப்பதுதான் மரியாதை. அதே வீட்டில் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தால் களி இல்லாமல் விருந்தே இல்லை. நெடுஞ்சாலை ஓட்டல்கள் ‘களி, நாட்டுக்கோழிக் குழம்பு’ என்று பலகை வைப்பது இதனால்தான். களி தனியாக இருந்தால் இல்லாமையின் ஞாபகம், குழம்போடு சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை. மாவு ஒன்றுதான், பக்கத்தில் இருப்பது எது என்பதில் அதன் அந்தஸ்து மாறுகிறது. இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் மற்ற எல்லாம் நிற்கிறது.

இன்னொன்றும் தெரிந்தது. திரிகையில் ராகி அரைக்கும் பாட்டியின் படம் நகரத்துக் கண்காட்சி அரங்கில் நன்றாக எடுபடும். ஊரில் அது எடுபடவில்லை. திரிகை சுற்றிய பெண்களுக்கு ஞாபகம் வருவது தோள்பட்டை வலி. மாவு மில் வந்தது அவர்களுக்கு விடுதலை. வலியைப் பாரம்பரியம் என்று படச்சட்டம் போட்டு மாட்டினால் அவர்கள் அதை ரசிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பெயர்

பள்ளிப் பாடத்திலும் அரசு அறிவிப்பிலும் கேழ்வரகு. பேச்சில் ராகி அல்லது கேவுரு. கொங்குப் பக்கம் போனால் ஆரியம். ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும். மூன்று மொழியிலும் மாறாமல் நிற்பது ‘ராகி’. தமிழ்ப் பற்றின் பேரில் முன்பக்கத்தில் கேழ்வரகு என்றே போட வேண்டும் என்று ஒரு தரப்பு சொன்னது. எங்கள் கருத்தில் அது முன்பக்கத்து வேலையல்ல. ‘ராகி மாவு’ முன்னால் பெரிதாக, ‘கேழ்வரகு மாவு’ பின்னால் முழுப் பெயராக என்று முடிந்தது. முதலில் ஓசூர் கடைகளுக்கென்று மூன்று எழுத்துகளையும் ஒரே அளவில் அடுக்கிப் பார்த்தார்கள். பேருந்து நிலையத்து அறிவிப்புப் பலகை மாதிரி ஆகிவிட்டது. ஒரு மொழி பெரிதாக இருக்கட்டும், மற்றதைப் படம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் வேண்டும் என்ற யோசனையும் வந்தது, வராமல் இருக்குமா? தருமபுரியின் பழைய பெயரான தகடூர் என்றாலே அந்தப் படம்தான். மாவட்டத்தில் அதைப் போடாத பலகை குறைவு. எல்லோரும் போட்டதைப் போட்டால் யாருடைய பொட்டலம் என்று ஞாபகம் நிற்காது. போதாததற்கு, நெல்லிக்கனி படம் போட்ட கவரில் ராகி மாவு இருந்தால் நெல்லிப் பொடி என்று எடுத்துவிட்டு வீட்டில் போய்த் திட்டுவார்கள்.

நடுகல்லிடம் கற்றது, கற்றும் போடாதது

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களை வடிவமைப்பாளர் ஒருமுறை பொறுமையாகப் பார்த்தால் நல்லது. வீரன் பெரிதாக, கையில் வில்லோ வாளோ. மாடுகள் ஓரத்தில் சின்னதாக. உடம்பில் தைத்த அம்பு. எழுத்து அந்த உருவத்தைச் சுற்றிய இடத்தில். எழுத்து படிக்கத் தெரியாதவரும் ‘மாட்டை மீட்கப் போய் இறந்தவன்’ என்று சொல்லிவிடுவார். ஒரு ஆள், ஒரு செயல், காரணத்தைச் சொல்லும் ஒரு சின்ன அடையாளம், மற்றதெல்லாம் வெளியே. பொட்டலத்தின் முன்பக்கத்துக்கும் இதே வரிசைதான்: பெரிதாக ஒரு தட்டு களி, அதில் குழம்பை ஊற்றும் ஒரு கை, ஓரத்தில் சின்னதாக ஒரு ராகிக் கதிர். கதிர் இந்தமுறை பாலக்கோடு பக்கத்து வயலில் நேரில் எடுத்த படம்.

வரிசையை எடுத்துக்கொள்ளலாம், நடுகல்லையே சின்னமாகப் போடக் கூடாது. இந்தப் பகுதியில் பல நடுகற்கள் வேடியப்பனாக இன்றும் பூசை பெறுகின்றன. காலியான கவர் குப்பைக்குப் போகும், மிதிபடும். சாமி படம் போட்ட கவரைக் கிழிக்கத் தயங்கி ஓரமாக எடுத்து வைப்பவர்கள் உண்டு. அதை நல்ல விளம்பரம் என்று நினைப்பவர், கவர் சாக்கடையில் கிடப்பதைப் பக்தர் ஒருவர் பார்க்கும் நாளை நினைத்துப் பார்க்கவில்லை. சித்தேரி மலை மக்களின் முகத்தை அலங்காரமாகப் போடுவதும் இதே கணக்கு. முகம் வேண்டுமென்றால் தமிழில் எழுதிய ஒப்புதல் தாள் வேண்டும். எங்கெங்கே, எத்தனை ஆண்டு பயன்படும், எவ்வளவு பணம் என்று அதில் இருக்க வேண்டும். வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து.

தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் அதிக நேரம் போனது. மண்சட்டியும் வாழையிலையும் படத்துக்கு அழகு. வீட்டில் களி சாப்பிடுவது எவர்சில்வர் தட்டில். மண்சட்டி ‘அந்தக் காலம்’ என்று சொல்லும், எவர்சில்வர் ‘இன்றைக்கு ராத்திரி’ என்று சொல்லும். எவர்சில்வரே போகட்டும் என்று முடிவானது. கோழிக் குழம்பைக் கவரில் போட முடியவில்லை. பச்சைப் புள்ளி போட்ட சைவப் பொருளின் முன்பக்கத்தில் கோழி இருந்தால் குழப்பம், சைவ வீடுகள் தொடவே தொடாது. கவரில் மொச்சைக் குழம்பு. கோழி ஓட்டல் போஸ்டருக்கும் வீடியோவுக்கும் போனது.

களியைப் படம் எடுப்பது சுலபமில்லை. முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் சாணி உருண்டை மாதிரித்தான் விழும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும். அப்போதுதான் மேல்பரப்பின் ஈரப் பளபளப்பும் ஆவியும் தெரியும். உருட்டிய சில நிமிடங்களில் தோல் காய்ந்து வெடிப்பு விடும். அதனால் தட்டு, குழம்பு, கேமரா எல்லாம் தயாரான பிறகே பானையை இறக்க வேண்டும், மூன்று உருண்டைக்கு மாவு கையில் இருக்க வேண்டும். நனைத்த கையால் ஒரு தடவல், கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி, குழியில் குழம்பு. அந்தக் குழி இல்லாத படத்தை இந்த ஊர்க்காரர் யாரும் களி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

முப்பது நொடி

தெருக்கூத்தில் முக்கிய வேடம் நேராக வந்து நின்றுவிடாது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். பின்னாலிருந்து பாட்டும் சலங்கைச் சத்தமும் வரும், கிரீடத்தின் நுனி தெரியும், கட்டியங்காரன் யார் வருவது என்று வாயாடுவான். அதன் பிறகே திரை விலகும். பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்தக் காத்திருப்பு பழக்கம். வீடியோவும் அப்படியே கட்டப்பட்டது. களியின் முகம் 22-ஆவது நொடி வரை தெரியாது.

முதல் 4 நொடி பானை விளிம்பும் ஆவியும். துடுப்பு பானையில் மோதும் சத்தம், பாட்டு இல்லை. அடுத்து கொதிக்கும் நொய்யின் நடுவில் மாவு குவியலாக விழுகிறது. ஒரு டம்ளர் மாவுக்குக் கால் டம்ளர் நொய், சுமார் இரண்டரை டம்ளர் தண்ணீர். மூடி, தீயைக் குறைத்துச் சில நிமிடம் வேகவிடுவது ஒரு வெட்டில். பிறகு கிண்டல்: வளையல் போட்ட முன்கை மட்டும், பானையைத் துணியால் பிடித்த இன்னொரு கை. கட்டி தட்டாமல் வர மாவு வெந்த பிறகே கிண்ட வேண்டும் என்பதை ஒரே வரி எழுத்து சொல்கிறது. வாசலில் செருப்பு கழற்றும் சத்தம், ‘வாங்க, வாங்க’ என்று ஒரு குரல். யார் வந்தது என்று காட்டுவதில்லை. அடுக்களையில் இருப்பவர் ஒரு கணம் தயங்குகிறார், அரிசி டப்பாவைப் பார்க்கிறார், அதைத் தொடாமல் களியை உருட்டுகிறார். திரை விலகுகிறது: தட்டு, குழி, கோழிக் குழம்பு. கடைசி 3 நொடி பொட்டலம்.

நிமிர்ந்த செவ்வகமாக, 9-க்கு 16 அளவில் எடுத்தது. எழுத்தெல்லாம் மேல்பாதியில், ஏனெனில் கீழே செயலியின் பொத்தான்கள் மறைக்கும். முதல் படப்பிடிப்பு வீணானது ஒரே காரணத்தால். நடிக்க வந்தவர் களியை மென்றார். களியை மெல்ல மாட்டார்கள். பிட்டு, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குவார்கள். மென்று ‘ஆஹா’ என்று தலையாட்டும் அந்தக் காட்சி வெளியே போயிருந்தால் இரண்டு மாவட்டமும் சிரித்திருக்கும்.

அச்சகமும் சட்டமும்

பின்பக்கத்து நோய் வரிகள் முதலில் நீக்கப்பட்டன. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகள் தடுக்கின்றன. 1954-ஆம் ஆண்டு ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டத்தின் பட்டியலிலும் நீரிழிவு இருக்கிறது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அதைச் சொல்லலாம், தங்கள் மாவின் ஆய்வக அறிக்கை கையில் இருந்தால். தமிழில் மட்டும் லேபிள் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தே ஆக வேண்டும், தமிழ் கூடுதலாக வரலாம். 14 இலக்க உரிம எண், நிகர எடை, அதிகபட்ச விலை, தேதி, புகார் தொடர்பு இவற்றுக்கு இடம் விட்ட பிறகு மீதி இடத்தில்தான் கலை.

படம் அச்சிட்ட கவருக்கு நிறத்துக்கு ஒரு அச்சு உருளை செய்ய வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் புது உருளை. அதனால் முதல் ஆறு மாதம் வெறும் பழுப்புக் காகிதக் கவர், அதன் மேல் 10-க்கு 15 செ.மீ. ஸ்டிக்கர், ஒரு தடவைக்கு 1,000. நேரடியாகப் பழுப்புக் காகிதத்தில் அச்சிட்டால் எல்லா நிறமும் மங்கும், களியின் நிறமோ காகிதத்தோடு கலந்தே போகும். அடியில் வெள்ளை மை பூச வேண்டும். ‘கேழ்வரகு’ ஒருமுறை ‘கேழவரகு’ என்று வந்தது. டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் அடித்ததை அச்சகத்தில் வேறு எழுத்துருவில் திறந்தால் புள்ளியும் கொம்பும் இடம் மாறும், சில நேரம் எழுத்தே பெட்டியாகிவிடும். அனுப்புவதற்கு முன் எழுத்தை ‘கர்வ்’, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைவடிவம், ஆக்கிவிட வேண்டும். அசல் அளவில் சாதாரணத் தாளில் எடுத்துக் கவரில் ஒட்டி, கடை டியூப்லைட் வெளிச்சத்தில் ஆறடி தள்ளி நின்று பார்ப்பதற்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது. கைப்பேசித் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுத்தவர்கள்தான் பிறகு அச்சகத்தோடு சண்டை போடுகிறார்கள்.

சுவர் விளம்பரத்துக்கு 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது கணக்கு. 60 அடியில் போகும் பேருந்துக்கு 6 அங்குலம். தமிழில் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் இருப்பதால் வரிக்கு வரி இன்னும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும்.

கவரின் முன்பக்கத்தில் கடைசியாகச் சேர்ந்தது ‘அரைத்த தேதி’. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கட்டம், அதில் ரப்பர் ஸ்டாம்ப். ஊதிப் பார்க்க முடியாதவருக்கு இது ஒன்றுதான் பிடிமானம். ஆனால் கல் நீக்கும் எந்திரத்தில் ஒழுங்காகப் போகாத ராகியை அரைத்தால் களி நறநறக்கும். அந்த வீட்டுக்கு இரண்டாவது பொட்டலம் விற்கும் படம் இன்னும் யாராலும் எடுக்கப்படவில்லை.

ஆடி

விளம்பரத் திட்டத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பணம் ஒதுக்கியிருந்தார்கள். மாவு அதிகம் போவதோ ஆடியில், மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது. அப்போது வாங்குவது குடும்பமல்ல, ஊர்ப் பெரியவர்களும் இளைஞர் குழுவும். 500 கிராம் கவர் அவர்களுக்கு எதற்கு? 5 கிலோ, 10 கிலோ பை, கூழுக்கு ஏற்ற அரவை, முதல் நாளே கரைத்துப் புளிக்கவைக்க எவ்வளவு தண்ணீர் என்று பையிலேயே படம். பழைய ராகி தீர்ந்துவரும் மாதமும் அதுதான், அறுப்புக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும். விளம்பரம் செய்துவிட்டுச் சரக்கில்லை என்று கைவிரித்தால் அடுத்த ஆண்டு அந்த ஊர் திரும்பிப் பார்க்காது. தை மாதமே ஆடிக்கான தானியத்தைத் தனியாக ஒதுக்கி வைத்த பிறகுதான் நோட்டீஸ் அடிக்க வேண்டும்.

பலன் பார்க்க எட்டுக் கடை எடுத்துக்கொள்ளலாம். நான்கில் பழைய கவர், நான்கில் புதியது, ஆறு வாரம். பிறகு மாற்றி ஆறு வாரம், ஆடி மாதம் இடையில் வராமல். மொத்த விற்பனையைவிட, அதே வீட்டார் மறுபடி வாங்கினார்களா என்று கடைக்காரரின் நோட்டில் ஒரு கோடு போடச் சொல்வதுதான் உண்மையைச் சொல்லும். புதுக் கவரைப் பார்த்து முதல் முறை வாங்குவது யாரும் செய்வது. முதல் வாரத்தில் கோடு கூடி, நான்காவது வாரத்தில் குறைந்தால் கோளாறு கவரில் இல்லை, மில்லில்.

ராகி கொஞ்சம் நிலைத்ததும் அடுத்த கேள்வி தானாக வந்தது: இதே முகத்தில் கம்பு மாவும் போடலாமே? படம் தயாராகவே இருக்கிறது, பழைய ராகிக் கவரில் தவறுதலாக விழுந்த அந்தக் கதிர். ஆனால் கம்பில் கொழுப்பு அதிகம், அரைத்த சில நாட்களிலேயே மாவு கசக்கத் தொடங்கும். ராகிக்குப் போட்ட காலாவதித் தேதியை அதற்கும் ஒட்ட முடியாது. இப்போதைக்குக் கம்பு தானியமாகவே கவரில் போகிறது, முன்பக்கத்தில் அந்தக் கதிரோடு, ‘அரைத்த தேதி’ இருந்த கட்டத்தில் ‘அறுத்த மாதம்’ என்று.